காற்றுக்குள்ளே கூட்டமாகச் சைக்கிள்: யாழ்ப்பாணக் கரையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக் கரையோர வீதிகளை வரைபடத்தில் பார்த்தால் இதைவிட லேசான சைக்கிள் ஓட்டம் வேறு இருக்காது என்றுதான் தோன்றும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பண்ணையில் இருந்து குறிகாட்டுவான் வரைக்கும் தட்டையான ரோடு. அதை நம்பி நாற்பது கிலோமீற்றர்தானே என்று புறப்பட்டுப் போகிறவர்கள், திரும்பும் வழியில் ஒதுங்க ஒரு பனைகூட இல்லாத தாம்போதி (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) நடுவில், நடக்கிற வேகத்துக்குச் சைக்கிள் உழக்கிக்கொண்டு நிற்பார்கள். தூரத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் காற்றைக் கணக்குப் பார்க்கவில்லை.

காற்றைத் தனி ஆளாகச் சமாளிப்பது கஷ்டம். நாலைந்து பேர் ஒழுங்காக வரிசை பிடித்துப் போனால் அதே காற்று பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். பழைய லுமாலா சைக்கிளில் வருகிற அக்காவும் கியர் சைக்கிளில் வருகிற தம்பியும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பலாம். கூட்டமாகப் போவதன் முழு அர்த்தமும் அதுதான் என்பது என் எண்ணம். ஒருவரையும் காற்றில் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

முதலில் காற்று எது என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் இரண்டு பெரிய காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கில் இருந்து சோளகம் வீசும். ஜூன், ஜூலையில் அது நாள் முழுக்க நிற்காமல் அடிக்கும். மழைக்காலம் குறையத் தொடங்கியதும் வடகிழக்கில் இருந்து வாடை வரும், மாசி வரைக்கும் இருக்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரிய பெரிய பட்டங்கள் ஏறுவது இந்த வாடையில்தான். இரண்டுக்கும் இடையில் பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்திருக்கும். வெயில் கொளுத்தும் என்றாலும், புதிதாகக் கூட்டமாக ஓடிப் பழக அதைவிட நல்ல காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இடிக்கும் உரியது. அப்போது வெட்டவெளியில் சைக்கிள் ஓட வேண்டாம்.

நாளுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. விடியற்காலை காற்று குறைவு. வெயில் ஏறித் தரை சூடாகச் சூடாகக் காற்றும் எழும்பும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் வேறு ஊருக்கு வந்துவிட்டதுபோல இருக்கும். ஐந்தரைக்குக் கூடி, வெளிச்சம் வரும்போது புறப்பட்டு, ஒன்பதரைக்குள் திரும்புகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

போனில் காலநிலை பார்க்கும்போது மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். காற்றின் வேகமும் திசையும் அதில் இருக்கும். சில செயலிகள் நொட் கணக்கில் காட்டும், ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர். என் அளவுகோல் இது: மணிக்கு 15 கிலோமீற்றருக்குள் என்றால் யாரையும் கூட்டிக்கொண்டு போகலாம். 25 என்றால் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். 35ஐத் தாண்டினால் புதியவர்களோடு தாம்போதிப் பக்கமே போவதில்லை, ஊருக்குள் ஒழுங்கைகளில் ஓடிவிட்டு வரலாம். திடீர் வீச்சின் வேகம் தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள், சைக்கிளைத் தள்ளிவிழுத்துவது அதுதான்.

போன் சொல்வதைக் கண்ணாலும் சரிபாருங்கள். கோயில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, எவ்வளவு விறைப்பாக நிற்கிறது? பனையோலைகள் சும்மா சலசலக்கின்றனவா, ஒரே பக்கமாக வளைந்து நிற்கின்றனவா? கடலில் தூரத்தில் வெள்ளை நுரை தெரிகிறதா? காலையில் வள்ளங்கள் எல்லாம் கரையிலேயே கிடந்தால் கடற்தொழிலாளர் ஒருவரிடம் கேளுங்கள். "தம்பி, இண்டைக்குப் பத்து மணிக்குப் பிறகு எழும்பும்" என்று சொன்னாரென்றால் அதை நம்புங்கள்.

பாதையைக் காற்றுக்கு ஏற்றபடி எடுங்கள்

களைப்பில்லாத கால்களோடு எதிர்க்காற்றில் போக வேண்டும், களைத்த கால்களோடு பின்காற்றில் வர வேண்டும். மாற்றிச் செய்தால் போகும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டு பறப்பார்கள், தங்கள் பலத்தால்தான் அந்த வேகம் என்று நினைப்பார்கள், தேவைக்கு மேலே தூரம் போய்விடுவார்கள். பின்காற்று காதுக்குக் கேட்காது. சைக்கிள் ஓடும்போது காற்றுச் சத்தமே இல்லையென்றால் காற்று முதுகுப் பக்கம் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, திரும்பிப் பார்த்து, முகத்தில் எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நான் சொல்லும் பாதை பருத்தித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையிலான கரை வீதி. ஒரு வழி பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். சக்கோட்டை, பொலிகண்டி, வல்வெட்டித்துறை என்று ஊர்களாக இருப்பதால் யாராவது களைத்தால் நிழலும் கடையும் கிடைக்கும். இந்தக் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது, அதனால் காலத்தைப் பொறுத்துத் தொடங்கும் இடம் மாறும். சோளகத்தில் பருத்தித்துறையில் தொடங்கி மேற்கே போங்கள். காற்று இடது முன்பக்கம், தரைப் பக்கமிருந்து வரும், வீடுகளும் மதில்களும் பனைகளும் பாதியைத் தடுத்துவிடும். செல்வச்சந்நிதி முருகனைக் கும்பிட்டு, ஆற்றங்கரையில் இளைப்பாறித் திரும்பினால் காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். வாடையில் தொண்டைமானாற்றில் தொடங்கிக் கிழக்கே போங்கள். அப்போது காற்று கடலில் இருந்து தடையில்லாமல் வரும், இதே ரோடு இரண்டு மடங்கு கடினமாக இருக்கும். 1916இல் கட்டிய பருத்தித்துறை வெளிச்சவீடு தெரியத் தொடங்கினால் கஷ்டமான பாதி முடிகிறது என்று புதியவர்களுக்குச் சொல்லுங்கள், ஒரு தெம்பு வரும்.

தை மாதத்தில் வல்வெட்டித்துறைப் பக்கம் போகும்போது பட்ட நூலைக் கவனியுங்கள். அறுந்த நூல் ரோட்டுக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கிடக்கக்கூடும்.

இரண்டு மூன்று ஓட்டம் பழகியபிறகு தீவுப் பக்கச் சுற்று. யாழ்ப்பாணக் கோட்டையடியில் தொடங்கிப் பண்ணைத் தாம்போதி, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் (கடலைக் கடக்கும் மிதவைப் படகில்) சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்தபடி காரைநகர். பிறகு பொன்னாலைத் தாம்போதி, வட்டுக்கோட்டை, யாழ்ப்பாணம். நாற்பதுக்கு மேல், ஐம்பது கிலோமீற்றருக்குள் முடியும். இது சோளகத்துக்கு என்றே அமைந்த சுற்று. முதல் பாதி மேற்கே எதிர்க்காற்று, இரண்டாம் பாதி கிழக்கே திரும்பும்போது காற்று பின்னுக்கும் பக்கத்துக்குமாக வரும். வாடையில் இதை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கடைசித் துண்டு எதிர்க்காற்றாகவே இருக்கும். அந்தக் காலத்தில் புதியவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம். பாதை ஓடுகிறதா என்று முதல்நாள் பின்னேரமே விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் கடுமையென்றால் நிறுத்திவிடுவார்கள், பிறகு வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதி அழகில் எல்லாவற்றுக்கும் மேல். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நீங்கள். ஆனால் ஒதுங்க இடமே இல்லாத நீளம். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எதிர்க்காற்றில் வேகத்தை மறந்துவிடுங்கள்

கணக்கு இப்படி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறீர்கள். இன்றைக்கு முன்னுக்கிருந்து 20இல் காற்று வருகிறது. அதே வேகத்தில் போக நினைத்தால் உங்கள் நெஞ்சில் மோதுவது 40 கிலோமீற்றர்க் காற்று. தடை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. இதோடு மல்லுக்கட்டினால் மூன்றாவது கிலோமீற்றரில் கால் விட்டுவிடும். அதனால் 12, 11 என்று இறங்கினாலும் வெட்கப்படாமல் விடுங்கள். மூச்சைக் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதென்றால் சரியான அளவில் உழக்குகிறீர்கள்.

கியர் உள்ளவர்கள் ஒன்றிரண்டு இலேசான கியருக்கு இறங்கி, காலை வேகமாகச் சுற்றுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் முழங்கையை மடித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து, நெஞ்சைக் காற்றுக்குக் காட்டாமல் போங்கள். சீற்றில் இருந்து எழும்பி நின்று உழக்கினால் உடம்பு முழுக்கப் பாய்மரமாகிவிடும், வேண்டாம். தொளதொளத்த சேட்டும் அதையேதான் செய்யும். துப்பட்டா போடுகிறவர்கள் அதை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது பைக்குள் வையுங்கள். காற்று அதைப் பின் சில்லுக்குள் கொண்டுபோய்ச் சுற்றிவிடும், அந்த விழுகை மோசமான விழுகை.

வரிசை பிடிக்கும் விதம்

முன்னுக்குப் போகிறவர் காற்றை உடைக்கிறார், பின்னுக்கு வருகிறவர் அந்த மறைவில் வருகிறார். நன்றாகப் பழகியவர்கள் நெருங்கிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் உழைப்பு மிச்சம். புதியவர்கள் அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை. முன் சைக்கிளின் பின் ரயருக்கும் உங்கள் முன் ரயருக்கும் இடையில் ஒரு மீற்றருக்குக் குறையாமல் விடுங்கள். அந்த இடைவெளியிலும் காற்றின் வித்தியாசம் முகத்தில் தெரியும். சைக்கிளை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பார்த்தால் ஓர் இடத்தில் காதுச் சத்தம் சட்டென்று குறையும். உங்கள் இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் எப்போதும் மறக்க வேண்டாம்: உங்கள் முன் சில்லு முன்னால் போகிறவரின் பின் சில்லுக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு கிடங்கை (ரோட்டுப் பள்ளத்தை) விலத்த ஒரு சாண் நகர்ந்தாலும் இரண்டு ரயரும் உரசும். அவர் போய்விடுவார், விழுவது நீங்கள்.

ஒரு வரிசையில் ஆறு பேர் போதும். பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு வரிசையாக, நடுவில் ஒரு மினிபஸ் புகுந்து போகக்கூடிய இடைவெளி விட்டுப் போங்கள். பலமான ஒருவர் முன்னுக்கு, இன்னொரு பலமானவர் கடைசியில். கடைசி ஆளின் வேலை கவனிப்பது. யாருடைய இடைவெளி கூடுகிறது, யாருடைய தோள் ஆடுகிறது, யார் பேச்சை நிறுத்திவிட்டார் என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும். மெதுவானவரை இரண்டாவது இடத்தில் வையுங்கள். நிறையப் பேர் அவரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், அது தலைகீழ் ஒழுங்கு. கடைசியில் இருக்கிறவர் ஒருமுறை மறைவை விட்டு நழுவினால் முழுக்காற்றும் அவர் மேலேதான், பிறகு எட்டிப்பிடிக்க முடியாது. இரண்டாவதில் இருந்தால் முன் ஆள் அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வேகத்தைக் குறைக்கலாம்.

முன்னுக்கு நிற்பது மாறி மாறி வர வேண்டும். கடும் காற்றில் ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். மின்கம்பங்களை எண்ணிக்கொள்வது சுலபம், பத்துக் கம்பத்துக்கு ஒருவர். மாறும் விதம்: முன் ஆள் திரும்பிப் பார்த்து வாகனம் இல்லை என்று உறுதிசெய்து, கையைக் காட்டி, வலப்பக்கம் ஓர் ஆள் அளவு விலகி, உழக்குவதைத் தளர்த்தி, மற்றவர்கள் கடக்கவிட்டுக் கடைசி ஆளுக்கு முன்னால் வந்து சேருவார். புதிதாக முன்னுக்கு வந்தவர் வேகத்தைக் கூட்டக் கூடாது. இங்கேதான் அனேகமாகக் குழம்பும். முன்னுக்கு வந்ததும் ஓர் உசார் வரும், நாலு மிதி பலமாகப் போடுவார், வரிசை அறுந்துவிடும். வாகனம் வரும் ரோட்டில் மாற வேண்டியதில்லை, நிறுத்தும் இடங்களில் மட்டும் மாறினாலும் போதும்.

பக்கக்காற்றுக்கு வேறு கணக்கு. காற்று வலப்பக்கம் இருந்து வந்தால் மறைவு முன் ஆளின் இடப்பக்கப் பின்னுக்குத்தான் இருக்கும். முன் ஆள் ரோட்டு ஓரத்தை ஒட்டிப் போனால் பின்னுக்கு வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லை, மணலுக்குள்தான் இறங்க வேண்டும். ஆகவே முன் ஆள் ஓரத்தில் இருந்து ஒரு மீற்றர் அளவு உள்ளே நிற்கட்டும், மற்றவர்கள் அவருக்குச் சற்று இடப்பக்கமாக, சில்லுகள் ஏறாமல் வரட்டும். காற்று இடப்பக்கம் இருந்து வந்தால் மறைவு வலப்பக்கம், அதாவது வாகனங்கள் வரும் பக்கம். அதைத் தேடிப் போகவே வேண்டாம். நேர் வரிசையில், கிடைக்கிற மறைவோடு, மெதுவாகப் போங்கள்.

சத்தமும் காற்றைப் பொறுத்தது. எதிர்க்காற்றில் முன் ஆள் "கிடங்கு!" என்று சொன்னால் பின்னுக்கு நன்றாகக் கேட்கும், பின் ஆள் "வாகனம்!" என்று கத்துவது முன்னுக்குப் போகவே போகாது. பின்காற்றில் இது அப்படியே மாறும். ஆகவே கேட்டவர் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று புறப்படும்போதே பேசிக்கொள்ளுங்கள். கிடங்கு, மணல், வாகனம், நிப்பாட்டு. இந்த நாலு சொல் போதும். மணல் என்பதை விட்டுவிடாதீர்கள். கரை வீதியில் காற்று ஏற்றிவிட்ட மணல் தாருக்கு மேலே மெல்லிசாகப் படிந்து கிடக்கும். அதில் பிறேக் பிடித்தால் சில்லு வழுக்கும். பிடிக்காமல், ஹாண்டிலைத் திருப்பாமல், நேரே கடந்துவிடுங்கள்.

தாம்போதியில் ஏறும்போது

தாம்போதிக்கு நூறு மீற்றர் முன்னால், கடைசி மரங்களின் நிழலில் எல்லாரும் நில்லுங்கள். தண்ணீர் குடித்து, வரிசையை அடுக்கி, பலமானவரை முன்னுக்கு விட்டு, அக்கரை வரைக்கும் ஆள் மாறுவதில்லை என்று பேசிக்கொண்டு ஏறுங்கள். மரமும் மதிலும் முடிந்து வெளி தொடங்கும் அந்த ஓரிடத்தில்தான் காற்று பக்கத்தில் இருந்து முட்டித் தள்ளும். தெரிந்துகொண்டு போனால் ஒன்றுமில்லை, ஹாண்டிலை இறுக்காமல் இரண்டு கையாலும் பிடித்து, சைக்கிளைக் காற்றுப் பக்கம் ஒரு துளி சாய்த்தால் சரி. கைகளை விறைப்பாக்கினால் ஒவ்வொரு வீச்சும் நேரே சில்லுக்குப் போகும்.

பஸ் கடக்கும் நேரத்தைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும். வலப்பக்கக் காற்றில் நீங்கள் உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பீர்கள். பஸ் பக்கத்தில் வந்ததும் அது காற்றை மறைத்துவிடும், சாய்வுக்கு எதிரே தாங்க ஒன்றுமில்லை, சைக்கிள் பஸ் பக்கமாகவே இழுபடும். பஸ் போனதும் நின்ற காற்று முழுவதும் திரும்ப வந்து இடப்பக்கம் தள்ளும். இரண்டும் நாலைந்து செக்கனுக்குள் நடந்துவிடும். பின்னால் சத்தம் கேட்டவுடனே வேகத்தைக் குறைத்து, சாய்வை நிமிர்த்தி, ஓரத்துக்கு நகர்ந்து, பஸ் கடந்தபிறகு வரும் அந்தத் தள்ளலுக்குத் தயாராக இருங்கள். பயமாக இருந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். கூட்டத்தில் ஒருவர் இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும்.

தாம்போதி நடுவில் படம் எடுக்க நிற்க வேண்டாம். களப்பில் பூநாரைகள் நிற்கும் காலத்தில் ஆசை வரத்தான் செய்யும், அக்கரை போய் நின்று பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். தீவுப் பக்கம் பல கிணறுகள் உவர், கடைகளும் தூரத்துக்குத் தூரம். காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, வெயில் சுடுவதும் தெரியாது. கால்மணிக்கு ஒரு முறை இரண்டு மிடறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்ன, பனங்கட்டியும் பருத்தித்துறைத் தட்டை வடையும் என்னுடைய சிபாரிசு. பனங்கட்டி உடனே தெம்பு தரும், வடை வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யும், இரண்டும் பைக்குள் கிடந்து கெடாது. கூட்டத்துக்குக் காற்றடிக்கும் பம் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான், பொருந்தக்கூடிய ஒரு ரியூப். உடைமுள் எல்லா ரயரையும் துளைக்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, மணலுக்காக. தொப்பி போடுவதானால் நாடி கட்டியது, அதைவிட ஹெல்மெற் நல்லது.

நிறுத்தும் இடத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள், காற்று ஒன்றைத் தள்ள வரிசையாக எல்லாம் விழும். காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மதில் இருந்தால் அதில் சாத்துங்கள், காற்றே சைக்கிளை மதிலோடு அமர்த்திப் பிடிக்கும். மதில் இல்லாவிட்டால் செயின் பக்கம் மேலே இருக்கத் தரையில் படுக்க வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

களைப்பாக இருக்கும், குளித்துவிட்டுப் படுக்கத்தான் மனம் வரும். அதற்கு முன்னால் சைக்கிளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். கடற்காற்றில் வந்த உப்பு செயினிலும் கம்பிகளிலும் படிந்திருக்கும், இரண்டு நாள் விட்டால் செம்மஞ்சளாகத் துரு தெரியும். நல்ல தண்ணியால் மேலிருந்து மெதுவாகக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சி அச்சுகளுக்குள் அடிக்க வேண்டாம், மணலும் தண்ணீரும் உள்ளே போய்விடும். பழைய துணியால் செயினைத் துடைத்து, வெயிலில் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாக ஒயில் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய ஒயிலில்தான் அடுத்த முறை மணல் ஒட்டும். பிறேக் றப்பர்களை ஒரு ஊசியால் கிளறிப் பாருங்கள், உள்ளே புதைந்த மணல் இருந்தால் சில்லு றிம்மை அராவிவிடும். ரயரை விரலால் தடவி முள் இருக்கிறதா என்று தேடுங்கள், இன்றைக்குக் காற்றுப் போகாமல் வந்த முள் நாளை காலையில் வேலையைக் காட்டும்.